வாய்தாவில் நுழைந்த நீதி

வாய்தா என்றாலே நமக்கு இழுத்தடிப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் குற்றவியல் சட்டத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த ஒரு பெரிய மாற்றம் வாய்தா வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்று ஒரு சிற்றூர். 1974 மே மாதம் அங்கே இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களை நாசம் செய்தார்கள். டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். பிடிபட்டதும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கைப் பார்த்த நன்னடத்தை அலுவலரும் மென்னோனைட் திருச்சபைத் தொண்டர் ஒருவரும் சேர்ந்து நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார்கள்: பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் இவர்கள் நேரில் போய்ப் பார்க்கட்டும். அப்படி உத்தரவு போடத் தனக்கு அதிகாரம் இல்லை என்றுதான் நீதிபதி முதலில் நினைத்தார். பிறகு தண்டனையைச் சொல்லாமல் வழக்கை ஒத்திவைத்தார். சேதம் எவ்வளவு என்று கணக்கெடுத்து வருவதற்காக அந்த அவகாசம். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். சில மாதங்கள் கழித்து இழப்பீட்டுப் பணத்தோடு அதே கதவுகளை மறுபடியும் தட்டினார்கள்.

எல்மைராவில் நடந்தது போன்ற இந்த ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் என்பதைத் தமிழில் மறுசீரமைப்பு நீதி, மீட்பு நீதி என்று பலவாறு எழுதுகிறோம். நான் சீரமைப்பு நீதி என்றே எழுதுகிறேன். வழக்கமான குற்ற விசாரணை கேட்பது, எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யார், என்ன தண்டனை என்பதை. சீரமைப்பு நீதி கேட்பது, யாருக்கு என்ன சேதம், அவருக்கு இப்போது என்ன தேவை, அதைச் செய்து கொடுக்கும் கடமை யாருடையது என்பதை. இந்தக் கேள்விகளை இப்படித் தெளிவாக வகுத்தவர் அமெரிக்க அறிஞர் ஹோவர்ட் ஸேர். அவருக்கு முன்பே, 1977இல், நார்வேயின் நில்ஸ் கிறிஸ்டி இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொன்னார்: ஒரு சண்டை அதில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்து; வழக்கறிஞர்களும் அரசும் அதை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். அடிபட்டவர் தன் வழக்கிலேயே வெறும் சாட்சியாகக் கூண்டேறி இறங்கிப் போகிறார் என்பது உண்மைதானே.

இதைக் கேட்டதும் பலர், ராஜியாகப் போகச் சொல்கிறீர்கள், இது கட்டப்பஞ்சாயத்துதானே என்பார்கள். நியாயமான பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சட்டத்தின் நுணுக்கத்தில்தான் இருக்கிறது. எந்த நாடு தன் வழக்கு நடைமுறையில் எந்த இடத்தில் இதற்குக் கதவு வைத்தது, அந்தக் கதவில் யார் காவல் நிற்கிறார், வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்மையாகவே இருக்கிறது? இந்த மூன்றையும் பார்த்தால், அங்கே நடப்பது நீதியா வெறும் ராஜியா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சட்டத்தின் நடுவில் இதைக் கொண்டுபோய் வைத்த முதல் நாடு நியூசிலாந்து. மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளிலும் நீதிமன்றங்களிலும் அலைக்கழித்ததற்கு எதிராக எழுந்த கோபம் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள், இளையோர், அவர்தம் குடும்பங்கள் சட்டத்தில் வந்து முடிந்தது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி குடும்பக் குழுக் கூட்டம். கைது செய்யப்படாத சிறார்மீது காவல்துறை வழக்குப் போட நினைத்தால் முதலில் இந்தக் கூட்டத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்துக்குப் போன வழக்கிலும் குற்றத்தை மறுக்காவிட்டால் கூட்டம் நடந்தாக வேண்டும். கொலை போன்ற சில வழக்குகள் வேறு பாதையில் போகும். சிறுவர், குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக வருபவர்கள், காவல்துறையின் சிறார் பிரிவு அலுவலர், சிறுவரின் வழக்கறிஞர், ஒருங்கிணைப்பாளர் எல்லாரும் உட்காருவார்கள். நடுவில் ஒரு கட்டத்தில் குடும்பத்தைத் தவிர மற்ற எல்லாரும் வெளியே எழுந்து போய்விடுவார்கள். என்ன செய்யலாம் என்று குடும்பம் தனியாகப் பேசித் திட்டத்தோடு வர வேண்டும். அந்தத் திட்டத்தைப் போலீஸும் பாதிக்கப்பட்டவரும் உட்பட அனைவரும் ஏற்றால்தான் செல்லும். இந்தத் தனிநேரம்தான் நியூசிலாந்து முறையின் மேதைமை என்று நான் நினைக்கிறேன். மற்ற நாடுகள் இந்த முறையைப் பெயர்த்துக்கொண்டு போனபோது முதலில் கைவிட்டதும் இதைத்தான்.

தொடக்கத்தில் அங்கேயும் ஓட்டை இருந்தது. முதல் சில ஆண்டுகளில் நடந்த கூட்டங்களை கேப்ரியல் மேக்ஸ்வெல், ஆலிசன் மோரிஸ் இருவரும் ஆராய்ந்தார்கள். பாதி கூட்டங்களுக்குப் பாதிக்கப்பட்டவரே வரவில்லை. சந்திக்க விருப்பமில்லாமல் தவிர்த்தவர்கள் மிகச் சிலர். அழைப்பு வராதது, வசதிப்படாத நேரத்தில் கூட்டம் வைத்தது போன்றவைதான் பெரும்பாலும் காரணம். வந்தவர்களிலும் ஏறத்தாழ நாலில் ஒருவர் வந்ததைவிட மோசமான மனநிலையோடு திரும்பினார். சிறுவரின் நலனுக்காக எழுதப்பட்ட சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் விருந்தாளியாக நின்றுவிட்டார். யாருக்காகக் கதவு வெட்டப்பட்டதோ அவர் உயரத்துக்குத்தான் அது இருந்தது.

இத்தகைய கூட்டம் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

நேர்ச்சந்திப்பு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் நடக்கும். அதற்கான தயாரிப்புக்கு வாரங்கள் ஆகும், கடும் குற்றமென்றால் பல மாதங்கள். கூட்டத்தை நடத்தும் நெறியாளர் இரு தரப்பையும் தனித்தனியாக, குறைந்தது ஒருமுறையாவது, நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். தொலைபேசியில் முடித்துக்கொண்டால் கூட்டத்தில் வெடிக்கும். பெரும்பாலான இடங்களில் குற்றம் செய்தவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். பாதிக்கப்பட்டவரிடம் ஆசை காட்டிவிட்டு, குற்றம் செய்தவர் மறுத்துவிட்டார் என்று மறுநாள் போய்ச் சொல்வது இரண்டாவது அடி. அந்த முதல் சந்திப்பில் நெறியாளர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது ஒன்றைத்தான்: இவர் தான் செய்ததைத் தன் வாயால் சொல்கிறாரா? ‘ஏதோ நடந்துபோச்சு’ என்பவரைத் தயார்படுத்த முடியும். ‘அந்த அம்மாவும்தான் காரணம்’ என்பவரை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. பாதிக்கப்பட்டவரிடம் கேட்க வேண்டியவை வேறு. என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், எதைக் கேட்டால் உங்களால் தாங்க முடியாது, பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? வீடு புகுந்து திருடப்பட்டவர்கள் திருடனிடம் கேட்க விரும்புவது பெரும்பாலும் பணத்தைப் பற்றி இல்லை. ஏன் எங்கள் வீடு, எங்களை முன்பே நோட்டம் விட்டாயா, மறுபடியும் வருவாயா? இந்த மூன்றுக்கும் நீதிமன்றத் தீர்ப்பில் பதில் கிடைக்காது.

அறையில் நாற்காலிகள் வட்டமாக, நடுவில் மேசை இல்லாமல். இரு தரப்பும் வந்து சேரும் நேரம் வேறு வேறு, காத்திருக்கும் இடமும் வேறு. எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கழிப்பறை வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் எதிர்பாராமல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு குலைந்துபோன கூட்டங்கள் உண்டு. அதனால் அந்த இரண்டு இடங்களையும் நெறியாளர் முன்கூட்டியே நடந்து பார்ப்பது நல்லது. எந்த இருக்கை வேண்டும் என்பதைப் பாதிக்கப்பட்டவர் தேர்ந்தெடுப்பார். பலர் கதவுக்குப் பக்கத்தில் கேட்பார்கள்.

பேச்சு ஒரு வரிசையில் போகும். என்ன நடந்தது, அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், அதன் பிறகு என்ன நினைத்தீர்கள், யார் யாருக்குப் பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளில் ‘ஏன் செய்தீர்கள்’ என்பது இல்லை. ஏன் என்று கேட்டால் சாக்குதான் வரும், என்ன நினைத்தாய் என்று கேட்டால் நினைவு வரும். நெறியாளரின் கடினமான வேலை பேசாமலிருப்பது. ஒருவர் அழத் தொடங்கினால் பதறி அடுத்த கேள்விக்குத் தாவுகிறவர்கள் கூட்டத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். கடைசியில் ஒப்பந்தத்தை எழுதும்போது தேநீர் தருவார்கள். அனுபவமுள்ள நெறியாளர் வேண்டுமென்றே மெதுவாக எழுதுவார். முறையான பேச்சு முடிந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் பலர் ஒருவரோடு ஒருவர் இயல்பாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

மன்னிப்பு இந்த வரிசையில் எங்கேயும் கட்டாயம் இல்லை. மன்னிக்கச் சொல்லி ஜாடையாக நெருக்குகிற நெறியாளர் தன் வேலையை விட்டு வேறு வேலை பார்க்கிறார்.

ஒப்பந்தம் தோற்பது பெரும்பாலும் அதன் வாசகத்தால்தான். ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று எழுதினால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. எவ்வளவு தொகை, எத்தனை தவணை, எந்தத் தேதி, யார் கையில், தவறினால் யார் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். மாதம் 600 கட்டவே திணறுகிறவரிடம், குற்ற உணர்ச்சியில் தலையாட்டும் அந்த நிமிடத்தில், 6,000 என்று எழுதி வாங்குவது இன்னொரு பொய்க்கு அடித்தளம். அவருடைய வருமானத்தை அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

இனி கதவுகளுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வாகா வாகா என்ற ஊரில் 1991இல் காவல்துறையே இந்தக் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. மேலே சொன்ன கேள்வி வரிசை வளர்ந்த இடம் அது. அதே முறையை இங்கிலாந்தின் தேம்ஸ் வேலி காவல்துறை பின்னாளில் எடுத்துக்கொண்டது. இந்தக் கதவின் கோளாறு எளிதில் புரியும். பிடித்தவரே நடுவராக உட்கார்ந்தால், ஒப்புக்கொள் என்கிற அழுத்தம் சொல்லாமலே அறையில் இருக்கும். கண்டித்து அனுப்பியிருக்க வேண்டிய சில்லறைத் தவறுகளையும், கூட்டம் ஒன்று இருக்கிறதே என்று உள்ளே இழுப்பார்கள். சிறையைச் சுருக்க வந்த முறை வலையை அகலமாக்கிவிடும். நியூ சவுத் வேல்ஸ் 1997ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தில் கூட்டம் நடத்தும் பொறுப்பைக் காவல்துறையிடமிருந்து எடுத்துச் சிறார் நீதித் துறையிடம் கொடுத்தது.

ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் கதவை அரசு வழக்கறிஞரின் மேசையில் வைத்தன. ஆஸ்திரியா 1988இல் சிறாருக்குத் தொடங்கி, 2000 முதல் பெரியவர்களுக்கும் விரித்தது. ஜெர்மனி 1994இல் தண்டனைச் சட்டத்தில் 46ஏ பிரிவைச் சேர்த்தது. குற்றம் செய்தவர் பாதிக்கப்பட்டவரோடு சமன்செய்ய உண்மையாக முயன்றிருந்தால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். அந்த வழக்கில் விதிக்க வேண்டியது ஓராண்டுச் சிறைக்கு மேற்படாது என்றால் தண்டனையே இல்லாமலும் விடலாம். பணத்தை நீட்டிவிட்டுத் தண்டனையைக் குறை என்று கேட்பவர்கள் வராமல் இருப்பார்களா? பாதிக்கப்பட்டவரோடு ஒரு உரையாடல் நடந்திருக்க வேண்டும், காசோலை மட்டும் போதாது என்று அங்கே கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புகள் கோடு போட்டன. நார்வே 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடு முழுவதும் இலவச சமரச மன்றங்களை அமைத்தது. பின்லாந்து 1983இல் வண்டா நகரில் தொடங்கியதை 2005இல் சட்டமாக்கியது. இரண்டிலும் மேசைக்கு நடுவில் உட்காருபவர்கள் பயிற்சி பெற்ற சாதாரணக் குடிமக்கள்.

நீதிமன்றத்துக் கதவுக்குத் தெளிவான உதாரணம் மறுபடியும் நியூசிலாந்துதான். 2014 டிசம்பர் முதல் அங்கே தண்டனைச் சட்டத்தின் 24ஏ பிரிவு பெரியவர்களின் வழக்கிலும் ஒத்திவைப்பைக் கட்டாயமாக்கியது. மாவட்ட நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் ஒருவராவது இருக்க வேண்டும், அதற்கு முன் கூட்டம் நடந்திருக்கக் கூடாது, ஏற்ற சேவை அருகில் கிடைக்க வேண்டும். இவை பொருந்தினால் தண்டனைக்கு முன் வழக்கு நிறுத்தப்பட்டு, சந்திப்பு பொருத்தமா என்று விசாரிக்கப்படும். எல்மைரா நீதிபதி தயங்கித் தயங்கிச் செய்ததை நாற்பது ஆண்டு கழித்து ஒரு சட்டப்பிரிவு கட்டளையாக்கியது. வடக்கு அயர்லாந்தில் 2002ஆம் ஆண்டின் சட்டத்தின்படி சிறார் வழக்குகளை, சிலவற்றைத் தவிர, நீதிமன்றம் இளையோர் கூட்டத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும், சிறுவர் சம்மதித்தால். 2003 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆயுதக் குழுக்கள் தெருவில் பையன்களின் முழங்காலில் சுட்டு ‘நீதி’ வழங்கிய மண் அது. அரசு நீதியை நம்பாத மக்களிடையே இது வேரூன்றியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கதவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. தண்டனைக்கு முன் நிற்பவரின் கண்ணீரில் எவ்வளவு நீதிபதிக்காக, எவ்வளவு எதிரில் இருப்பவருக்காக என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அந்தச் சந்தேகம் விலகும் கதவு தண்டனைக்குப் பிறகு இருப்பது. பெல்ஜியம் 2005 ஜூன் 22ஆம் தேதிச் சட்டத்தில் துணிந்து எழுதியது: எந்தக் குற்றமானாலும், வழக்கின் எந்தக் கட்டத்திலும், சிறையிலும்கூட, நேரடித் தொடர்புள்ள எவரும் மத்தியஸ்தம் கேட்கலாம். பிரான்ஸ் 2014இல் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 10-1 என்ற பிரிவைச் சேர்த்தது. நடந்ததை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், முழு விவரம் தெரிந்து வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும், பயிற்சி பெற்ற சுயேச்சையான மூன்றாமவர் நடத்த வேண்டும், பேசியது ரகசியம். இத்தாலி 2022இல் பெரிய சீர்திருத்தச் சட்டமாகவே கொண்டுவந்தது. சிறையில் நடக்கும் சந்திப்பால் கைதிக்குச் சலுகை கிடைக்காதபோது, அவர் வந்து உட்காருவதற்கே ஒரு எடை வருகிறது.

ரகசியம் என்றது சின்ன விஷயம் அல்ல. கூட்டத்தில் மனம் திறந்து பேசியதை நாளை அரசு வழக்கறிஞர் ஆதாரமாகப் படித்தால் யார் பேசுவார்கள்? ஐ.நா. பொருளாதார சமூக மன்றம் 2002இல் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கலந்துகொண்டதே குற்ற ஒப்புதல் என்று பிந்தைய வழக்கில் காட்டக்கூடாது. உடன்பாடு எட்டாததை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது. ஒப்புக்கொண்டதை நிறைவேற்றாததை வைத்தே தண்டனையைக் கூட்டக்கூடாது. இந்தப் பாதுகாப்பைச் சட்டத்தில் எழுதாமல் கூட்டத்தை மட்டும் தொடங்குவது பொறி வைப்பதற்குச் சமம்.

இந்தியாவில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவு, சில குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ள விடுகிறது. சமரசத்தின் சட்ட விளைவு விடுதலை. செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. சீரமைப்பு நீதியின் முதல் படியே ஒப்புக்கொள்வதுதான், அது இங்கே இல்லை. 2006இல் நடைமுறைக்கு வந்த குற்ற ஒப்புதல் பேரம்தான் கொஞ்சம் நெருங்கி வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவர், அரசு வழக்கறிஞர் கூடி இரு தரப்புக்கும் திருப்தியான தீர்வை எழுத அதில் இடமுண்டு. ஏழாண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களும், பெண்களுக்கு எதிரான குற்றங்களும் அதில் வராது. ஆனால் கூட்டத்துக்கு ஆட்களைத் தயார்படுத்தும் நெறியாளர் யாரும் அந்தச் சட்டத்தில் இல்லை. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் சில சிறு குற்றங்களையும் எடுத்துக்கொள்கின்றன. சபையில் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கையில் இருந்தால்தான் அத்தகைய வழக்கு நீதிமன்றம் போகும். பரவலாக வேரூன்றிய அமைப்பு. ஆனால் அதன் மனம் தகராறைத் தீர்ப்பதில்தான், சேதத்தைச் சீர்செய்வதில் அல்ல.

சீரமைப்பின் பெயரில் அநியாயம் நடக்கும் இடம் பாலியல் குற்றம். 2020இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் பெண்ணை மானபங்கம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கொடுத்தது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாலியல் வன்கொடுமை வழக்கில் எந்தச் சூழ்நிலையிலும் சமரசத்தை எண்ணிப் பார்க்கவே கூடாது என்று 2015இல் மதன்லால் வழக்கிலேயே அது சொல்லியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் தன்னோடு வாழ்ந்த பெண்ணின் 15 வயது மகளை வன்கொடுமை செய்தவருக்கு, சீரமைப்பு நீதி என்று காரணம் சொல்லி, கீழ் நீதிமன்றம் தண்டனை முழுவதையும் நிறுத்திவைத்தது. 2011இல் தபேதே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்து பத்தாண்டுச் சிறை விதித்தது. இங்கெல்லாம் கதவைத் திறந்தது பாதிக்கப்பட்டவர் அல்ல. பெண்களுக்கு எதிரான வன்முறையில் கட்டாயச் சமரசத்தைத் தடுக்கிறது ஐரோப்பிய மன்றத்தின் 2011ஆம் ஆண்டு இஸ்தான்புல் உடன்படிக்கை. கட்டாயம் என்பதுதான் அதில் தடுக்கப்படும் சொல். ஆக்லாந்தில் 2005இல் தொடங்கிய ப்ராஜெக்ட் ரெஸ்டோர் பாலியல் குற்றங்களுக்கென்றே இருக்கிறது. நெறியாளரோடு, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நிபுணர், குற்றம் செய்தவருக்கு ஒரு நிபுணர் என மூவர் உழைப்பார்கள். ஆஸ்திரியாவில் குடும்ப வன்முறை வழக்குகளில் ஒரு ஆணும் பெண்ணும் இணைந்தே நெறியாள்வார்கள். இவ்வளவு ஆட்களும் நேரமும் கொடுக்க முடியாத அமைப்பு அந்தக் கதவைத் தொடக்கூடாது.

இது பலன் தருகிறதா? கான்பெராவில் 1995 முதல் 2000 வரை, வழக்குகளை நீதிமன்றத்துக்கும் கூட்டத்துக்கும் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பிச் சோதித்தார்கள். இளையோர் வன்முறை வழக்குகளில் கூட்டத்துக்குப் போனவர்களிடம் ஆண்டுக்கு 100 பேருக்கு 38 குற்றங்கள் குறைந்தன. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் 100க்கு 6 கூடின. காரணம் தேடினால் கிடைக்கும். போதை ஓட்டுநருக்கு எதிரில் அழ ஒரு மனிதர் இல்லை. நீதிமன்றம் உரிமத்தைப் பறிக்க முடிந்தது, கூட்டத்தால் முடியவில்லை. ஜோவன்னா ஷாப்லண்ட் குழு இங்கிலாந்தில் செய்து 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மறுகுற்றத் தீர்ப்புகளின் எண்ணிக்கை 14 சதவீதம் குறைந்திருந்தது. கூட்டத்தில் கலந்துகொண்ட பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் திருப்தி தெரிவித்தார்கள். சில்லறைத் திருட்டுக்கு இதைப் பயன்படுத்து, வன்முறைக்கு வேண்டாம் என்று அரசுகள் பல இடங்களில் சொல்கின்றன. சான்றுகள் அதற்கு நேர் எதிராகப் பேசுகின்றன.

கூட்டம் முடிந்தபின் எளிதில் விட்டுப்போகும் வேலை ஒன்று உண்டு. ஒப்பந்தப்படி கடைசித் தவணை கட்டப்பட்டதும், கடைசி மணி நேர உழைப்பு முடிந்ததும் கோப்பு மூடப்பட்டு அலமாரிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. செய்தானா இல்லையா என்று தெரியாமல் அவர் காத்திருப்பார். அந்த ஒரு தொலைபேசி அழைப்பை யார், எந்தத் தேதியில் செய்வது என்பதையும் ஒப்பந்தத் தாளிலேயே ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். எல்மைராவில் அந்த வரி தேவைப்படவில்லை. பணத்தோடு அவர்களே வந்து நின்றார்கள்.